பழைய காருக்குப் பழைய நிறம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



பி பிளாக் பார்க்கிங்கில் உறை போட்டு நிற்கும் காரைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். அது என் தந்தை வாங்கிய 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரானது. 948 சிசி இன்ஜின். இப்போது மெரூன் நிறத்தில் இருக்கிறது. பளிச்சென்று சிவப்பு அடித்து, முன்னால் நான்கு எல்இடி விளக்கு மாட்டலாம் என்கிறான் என் மகன். ஆதியில் நீலம் என்கிறார் அம்மா. வெள்ளை என்கிறாள் அக்கா.

வங்கியில் நாங்கள் வவுச்சர் இல்லாமல் எண்ட்ரி போடமாட்டோம். காருக்கும் அதுவே நியாயம். மொத்தமாகச் சுரண்டுவதற்கு முன்பே சாட்சியைத் தேட வேண்டும்.

முதல் சாட்சி ஆர்.சி. புத்தகம். அதில் 'கிரே' என்று இருக்கிறது. இரண்டாவது சாட்சி காரேதான். கதவின் உள் அட்டைக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு அடியில், டிக்கி ரப்பருக்குக் கீழே வெயில் பட்டிருக்காது. அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், பெயின்ட் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். எங்கள் காரில் மெரூன், வெள்ளை, இளம் சாம்பல், பிறகு பிரைமர். பிரைமரும் சாம்பலாக இருக்கலாம் என்பதால் பாலிஷ் போட்டுப் பாருங்கள். பெயின்ட் பளபளக்கும், பிரைமர் மங்கலாகவே இருக்கும்.

கடையில் நிறம் கலந்து தந்ததும் ஒரு தகட்டில் அடித்து, வெயிலில் வைத்து ஒப்பிடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

விளக்குக்கு வேறு சாட்சி. கருப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது, விளக்கைச் சொல்லும். அக்கா கல்யாண ஆல்பத்தில் பம்பருக்கு மேல் இரண்டு வட்ட ஃபாக் விளக்குகள் உள்ளன. பிராக்கெட் மாட்டிய துளைகளும் இருக்கின்றன. ஆகவே இரண்டுதான்.

12 வோல்ட்டில் 55 வாட் பல்பு இரண்டு, சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அந்தக் காலத்து டைனமோ தருவதே 20 ஆம்பியர் சுற்றளவுதான். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் அதிலேயே ஓட வேண்டும். தனி ரிலே, தனி ஃப்யூஸ் அவசியம். எல்இடி குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் அது இந்த முகத்துக்குப் பொருந்தாது. சரியாகத் திருப்பி வைக்காவிட்டால் எதிரே வருபவர் கண்ணும் கூசும்.

2021 மத்திய விதிப்படி, 50 வயது கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். அதையும் யோசித்து முடிவெடுங்கள்.

மகனிடம் அந்த வளையத்தைக் காட்டினேன். சிவப்பை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். சுரண்டி எறிந்த சாம்பல் திரும்பி வராது. இன்னும் யோசிக்கிறான்.

ஒரு உறுதி: தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் பார்க்கிங்கில் பெயின்ட் வேலை நடக்காது, எல்லாம் வெளி ஷெட்டில்தான். உங்கள் வீட்டுப் பழைய வண்டிக்கும் வளையம் பார்க்க வேண்டுமானால் கூப்பிடுங்கள், உப்புத்தாளோடு வருகிறேன்.