காக்கா ஆழியும் எங்க குச்சிக்காடும்

வாழப்பாடிக்காரனுக்குக் கடலைப் பத்திப் பேச என்ன தகுதின்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். எங்க ஊர்ல இருந்து ரோடு வழியா கடலுக்குப் போக 150 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனா எங்க வசிஷ்ட நதி, தண்ணி வர்ற வருஷத்துல, வெள்ளாத்துல சேர்ந்து பரங்கிப்பேட்டைகிட்ட கடலைத் தொடுது. அந்த உரிமையில பேசறேன்னு வெச்சுக்கங்க.

கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ் நண்பன் ஒருத்தனோட எண்ணூர் கழிமுகத்துக்குப் போயிருந்தேன். கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற இடம். ஒரு பக்கம் அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் துறைமுகம், நடுவுல இடுப்பளவு தண்ணியில மீன்பிடிக்கிற ஜனங்க. நான் பேன்டை மடிச்சுக்கிட்டு இறங்கப் போனேன். கரையில வலை உலர்த்திக்கிட்டு இருந்த அக்கா ஒருத்தங்க சத்தம் போட்டாங்க: "தம்பி, வெறுங்கால்ல இறங்காத. கீழ பூரா காக்கா ஆழி. பிளேடு மாதிரி கிழிச்சிடும்."

ஆழின்னா நாம இங்கிலீஷ்ல மஸ்ஸல்னு சொல்றது. பச்சை ஆழி நம்ம கடலுக்குச் சொந்தமானது. கேரளாவுல கல்லுமக்காய்னு வறுத்துத் தருவாங்களே, அதேதான். காக்கா ஆழி வேற. விரல் நீளத்துக்குக் கறுப்பா இருக்கும். அறிவியல் பேர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா கரைகள்தான் அதோட சொந்த ஊர். பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்துன்னு பரவி, கேரளாவோட அஷ்டமுடிக் காயலுக்கும் வந்துச்சு. கப்பல்கள் பாரத்துக்காக ஏத்திக்கிட்டு வந்து இன்னொரு துறைமுகத்துல கொட்டுற பேலஸ்ட் தண்ணியில குஞ்சுகளா வந்திருக்கும், இல்லன்னா கப்பல் அடியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

வந்தா என்ன, இதுவும் ஆழிதானேன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

ஆழி எப்படி வாழுதுன்னு பாருங்க. உடம்புல இருந்து பைசஸ்னு ஒரு நூலைச் சுரந்து, கிடைச்ச இடத்துல கட்டிக்கும். பக்கத்து ஆழி இது மேல கட்டும், அது மேல இன்னொண்ணு. நாள் முழுக்கத் தண்ணியை வடிகட்டி நுண்ணுயிர்களைச் சாப்பிட்டுட்டு, கழிவைக் கீழேயே கொட்டும். கொஞ்ச நாள்ல அங்க ஒரு பாயே விரிஞ்சிடும். 1994-ல கிளைவ் ஜோன்ஸும் அவரோட சகாக்களும் இந்த மாதிரி உயிர்களுக்கு ஒரு பேர் வெச்சாங்க: சூழல் பொறியாளர்கள். தான் இருக்கிறதாலேயே மத்த உயிர்களோட வீட்டை மாத்தி அமைக்கிறவங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு லேசா பொறாமைதான்.

இந்தப் பொறியாளர் நல்லவரா கெட்டவரான்னு கேட்டா, தரையைப் பொறுத்தது. அமெரிக்காவோட வாஷிங்டன் கரையில 1963-ல ராபர்ட் பெய்ன் ஒரு பாறைத் துண்டுல நட்சத்திர மீனையெல்லாம் பிடுங்கித் தூர வீசினார். அதுதான் அங்க ஆழியைத் தின்னுக்கிட்டு இருந்தது. அது போனதும் ஆழி பாறையை ஆக்கிரமிக்க ஆரம்பிச்சு, 15 வகையா இருந்த உயிர்கள் 8 ஆயிடுச்சு. 'கீஸ்டோன்' உயிரினம்ங்கிற வார்த்தை அதுல இருந்துதான் வந்துச்சு. இதை மட்டும் கேட்டா ஆழி வில்லன். ஆனா அதே கரையில ஆழிப் படுகையைப் பிரிச்சுப் பார்த்தா, இடுக்குல புழு, நண்டு, நத்தைன்னு அலையில இருந்தும் வெயில்ல இருந்தும் ஒளிஞ்சிக்கிட்டு நூத்துக்கணக்கான வகை இருக்கும். மொட்டைப் பாறையில ஆழி ஒரு அபார்ட்மென்ட்.

எண்ணூர்ல இருக்கிறது பாறை இல்ல. சேறும் மணலும். அங்க வீடு தரைக்கு மேல இல்ல, தரைக்குள்ள. மஞ்ச மட்டி மண்ணுக்குள்ள புதைஞ்சு, மேல ஒரு குழாயை மட்டும் நீட்டி மூச்சு விடும். இறால் பகல்ல சேத்துக்குள்ள பதுங்கும். மீன் வந்து சேத்தைக் கிளறிப் புழு தின்னும். இந்த மொத்தத் தரை மேலயும் காக்கா ஆழி பாய் விரிச்சா? மட்டிக்கு மூச்சு முட்டுது. இறாலுக்குப் பதுங்க இடமில்ல. பச்சை ஆழி ஒட்டுற இடத்தையும் இதுவே பிடிச்சுக்குது. கையாலயே சேத்தைத் தடவி இறால் பிடிக்கிறவங்க அங்க உண்டு. வலையும் படகும் இல்லாதவங்களோட தொழில் அது. சிப்பிப் பாய் மேல கையை விட்டுத் தடவ முடியாது.

"மட்டி இருந்துச்சு, இறால் இருந்துச்சு. இப்ப இதுதான் இருக்கு, இதை யாரு வாங்குவா?"ன்னு அந்த அக்கா கேட்டாங்க. பிலிப்பைன்ஸ்ல இதைச் சாப்பிடறாங்கதான். ஆனா ஆழி தண்ணியில இருக்கிற கன உலோகத்தையும் சேர்த்து உடம்புல தேக்கி வெக்கும். எண்ணூர்த் தண்ணியில வளர்ந்ததைப் போய்ச் சாப்பிடுங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?

அங்க நிக்கும்போது எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்துச்சு. எங்க பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்குன்னு சொல்லுவோம். சேகோ ஆலைக்கு ஓட்டறது. 2020-ல கேரளாவுல முதல்ல தெரிஞ்ச மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் குச்சிக்காட்டுக்கும் வந்துச்சு. கொழுந்தெல்லாம் சுருண்டு போச்சு. தாத்தா மூணு தடவை மருந்தடிச்சார், கடைசியில பாதிக் காட்டை உழுது விட்டார். அன்னிக்கு வீட்டுல யாரும் சரியா சாப்பிடல. அதுவும் தென் அமெரிக்காவுல இருந்து வந்த பூச்சிதான். தாத்தா கேட்டது ஒண்ணுதான்: "எங்கிருந்தோ வந்தது, நம்ம காட்டுல ஏன் அடங்க மாட்டேங்குது?" அதைத் தின்கிறது அதோட கூட வரலை, தாத்தா. அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு வழி கிடைச்சுச்சு. ஆப்பிரிக்காவோட பெனின் நாட்டுல இருந்து அனாகைரஸ் லோபெஸிங்கிற குட்டிக் குளவியைப் பெங்களூருல இருக்கிற மத்திய ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்து, சோதிச்சு, 2022 மார்ச்ல வாழப்பாடிக்குப் பக்கத்துல ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க. அந்தக் குளவி இந்த மாவுப்பூச்சியைத்தான் குறிவெச்சு முட்டையிடும்.

கடல்ல இதே கதையை ஓட்ட முடியுமான்னுதான் திரும்பி வர்ற டிரெயின்ல பேசிக்கிட்டு வந்தோம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கஷ்டம். ஆழியைத் தின்கிற நண்டோ நத்தையோ பச்சை ஆழியைத் தனியா விட்டு வைக்காது. மருந்தடிச்சா மட்டியும் சேர்ந்து சாகும். கையால வாரலாம், ஆனா குஞ்சுகள் நாள்கணக்குல நீரோட்டத்துல மிதந்து வேற இடத்துல ஒட்டும். ஒரு சர்வர்ல வைரஸைத் துடைச்சுட்டு, நெட்வொர்க் கேபிளை அப்படியே விட்ட மாதிரி. அந்தக் கேபிள்தான் பேலஸ்ட் தண்ணி. அதைச் சுத்திகரிச்சுட்டுத்தான் கொட்டணும்னு சொல்ற சர்வதேச ஒப்பந்தம் 2004-ல கையெழுத்தாகி, 2017 செப்டம்பர்லதான் அமலுக்கே வந்துச்சு. எண்ணூர் விவகாரத்தை 2024-ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தோட தெற்கு அமர்வு விசாரிச்சது. மீனவர்கள் அதுக்கு முன்னாடியே கத்த ஆரம்பிச்சிருந்தாங்க. முதல்ல பேர் வெச்சதும் அவங்கதான்.

கிளம்பும்போது அந்த அக்கா ஒரு கொத்தைக் கையில கொடுத்தாங்க. பிரிச்சு எண்ணிப் பார்த்தேன். என் ஒரு உள்ளங்கையில 23 இருந்துச்சு.