கிப்ஸ் அப்பாரட்டஸும் கண்ணாடிச் சூளையும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் 1978-ல் இங்கே பி.எஸ்சி. வேதியியல் முடித்தவன். போனது வங்கி வேலைக்கு. ரிட்டயர் ஆகும்வரை லெட்ஜரும் கடன் ஃபைலும்தான். படிச்ச கெமிஸ்ட்ரி எதுக்கு உதவுச்சுன்னு யாராவது கேட்டா, சிரிச்சு மழுப்பிடுவேன்.

ஓய்வுக்குப் பின் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். சூளையில் உருக்கி ஒட்டுவதற்கென்றே வண்ணக் கண்ணாடித் தகடுகள் செய்யும் புல்ஸ்ஐ தொழிற்சாலை 1974-ல் தொடங்கியது அந்த ஊரில்தான். பொழுது போகாமல் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். தகட்டை வெட்டி, அடுக்கி, மின்சூளையில் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் துண்டுகள் இளகி ஒன்றாகிவிடும். பிறகு 480 டிகிரி பக்கம் நிறுத்தி, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல்தான். ஊர் திரும்பியதும் சின்னச் சூளை ஒன்று வாங்கிவிட்டேன். அதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

இங்கே என் பேட்சில் பலருக்கு என் லேப் பார்ட்னரை நினைவிருக்கும். நாகப்பட்டினத்துக்காரன். மூன்று வருஷமும் ஒரே மேசை. அவன் காலமானபோது நான் ஊரில் இல்லை, போக முடியவில்லை. அந்த உறுத்தலில், அவன் வீட்டுக்கு ஒரு கண்ணாடிப் படம் செய்ய நினைத்தேன். மேலே டர்க்காய்ஸ் நீலத்தில் கடல், கீழே மஞ்சள் மணல். வேறொன்றுமில்லை.

மறுநாள் மூடியைத் திறந்து பார்க்கிறேன், நீலமும் மஞ்சளும் சேரும் இடம் முழுக்கக் கருப்பும் பழுப்புமாக ஒரு கோடு! கண்ணாடி விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "சார், ரெண்டுலயும் என்ன கலந்திருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்த்தேன். நீலத்துக்கு நிறம் தருவது காப்பர். மஞ்சளுக்கு காட்மியம் சல்பைடு.

அப்புறம் எனக்கு என்ன சொல்ல இருக்கிறது? குரூப் டூ! உப்புக் கரைசலில் கிப்ஸ் அப்பாரட்டஸ் வாயுவை விடுவோமே, அழுகின முட்டை நாத்தம் சாயங்காலம் வரைக்கும் சட்டையிலே இருக்குமே! கருப்பு வீழ்படிவு வந்தா காப்பரா, லெட்டான்னு மேலே பாக்கணும். மஞ்சள்னா காட்மியம், சில சமயம் ஆர்சனிக். சோதனைக்குழாயில் நடந்ததுதான் சூளையிலும் நடந்திருக்கிறது. தண்ணீருக்குப் பதில் இளகிய கண்ணாடி, அவ்வளவே. தேன் போலக் குழைந்திருக்கும் நிலையில் இந்தப் பக்கத்துக் காப்பரும் அந்தப் பக்கத்துக் கந்தகமும் எல்லையில் சந்தித்துக் காப்பர் சல்பைடாகிவிடுகின்றன. சூட்டில் வைக்கும் நேரம் கூடினால் கோடும் தடிக்கும்.

அதன்பிறகு ரெக்கார்டு நோட்டு போட்டுச் சோதிக்க ஆரம்பித்தேன். கோபால்ட் நீலத்தை மஞ்சளோடு வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஈயம் கலந்த பிங்க் வகை, கந்தகக் கண்ணாடியைத் தொட்டால் கறுக்கிறது. லெட் சல்பைடு, வேறென்ன? தங்கத்தால் நிறம் பெறும் பிங்க் இருக்கிறதே, அது சூளைக்குள் போகும்போது வெளிறிக் கிடக்கும். சூட்டில் தங்க அணுக்கள் நுண்துகளாகத் திரண்ட பிறகுதான் நிறமே எழும். முதல் தடவை பார்த்தபோது, தப்பான தகட்டை அனுப்பிவிட்டார்கள் என்று அதற்கும் சண்டைக்குப் போகப் பார்த்தேன்!

படத்தை மறுபடி செய்தேன். இரண்டு நிறத்துக்கும் நடுவே நிறமில்லாத கண்ணாடியில் மெல்லிய பட்டை வைத்ததும் கோடு வரவில்லை. நாகப்பட்டினத்துக்கு இரண்டையும் எடுத்துப்போனேன். நண்பனின் மனைவி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு முதல் படத்தை எடுத்துக்கொண்டார். "அலை வந்துட்டுப் போன ஈரம் மாதிரி இருக்குண்ணே. இதுவே இருக்கட்டும்" என்றார். அது காப்பர் சல்பைடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவன் இருந்திருந்தால் பார்த்ததுமே சொல்லியிருப்பான், மூன்று வருஷமும் அவன்தான் எனக்குக் காப்பர் கண்டுபிடித்துக் கொடுத்தது.

இரண்டாவது படமும், நாற்பது சோதனைத் துண்டுகளும் வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். வேதியியல் மாணவர்கள் எது எதனோடு சேர்ந்து கறுத்தது என்று முதலில் ஊகித்துவிட்டு, பிறகு பின்பக்கச் சீட்டைப் பாருங்கள். விளிம்பு கூர்மை, பார்த்துத் தொடுங்கள்.