எலிக்குக் கிடைத்த நன்மை

வெங்காயம், ஆப்பிள், தேயிலை ஆகியவற்றில் காணப்படும் குவெர்செட்டின், தாவரங்கள் தம் பாதுகாப்புக்காக உருவாக்கிக்கொள்ளும் பிளேவனாய்டு என்னும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. அது எலிகளின் இரத்த அழுத்தத்தைக் குறைத்ததாகவும் அழற்சியைத் தணித்ததாகவும் செய்திகள் வரும்போது, முதலில் கவனிக்க வேண்டியது கொடுக்கப்பட்ட அளவே ஆகும். சிறிய விலங்குகளின் வளர்சிதை மாற்றம், அதாவது உடலுக்குள் நிகழும் வேதிமாற்றங்களின் வேகம், மனிதருடையதைவிட மிகுதி என்பதால், சுண்டெலிக்குக் கொடுத்த அளவை ஏறத்தாழ 12-ஆல் வகுத்தே மனிதருக்குரிய அளவைக் கணிப்பது மருந்தியல் வழக்கம். அவ்வாறு கணித்தால், ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் பெற்ற சுண்டெலிக்கு ஈடாக, 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிகிராம் உட்கொள்ள நேரும். அதை வெங்காயத்திலிருந்தே பெற ஒரு கிலோவுக்கும் மேல் தேவைப்படும்.

விலங்குகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனவா, எது மருந்து பெற்றது என்பதை அறியாதவரே விளைவை அளந்தாரா என்பவையும் முக்கியமானவை. இவ்விரண்டும் இல்லாத ஆய்வுகள் நன்மையைப் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையவை என்பதால், அவற்றை நம்பி மாத்திரை வாங்குவது தவறு.

தீமை காட்டிய ஆய்வுகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 1992-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மிகையளவு குவெர்செட்டின் உண்ட ஆண் எலிகளின் சிறுநீரகங்களில் கட்டிகள் மிகுந்தன, பெண் எலிகளில் மிகவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையோ, 1999-இல், மனிதரைப் பொறுத்தவரை அதன் புற்றுநோய் உண்டாக்கும் தன்மையை வகைப்படுத்த இயலாது என்றே முடிவு செய்தது.