முக்திநாத் போகும் முன்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன தீபாவளி மிலனில் நம் குடியிருப்பிலிருந்து ஏழெட்டு பேர் "நேபாளம் போகணும், நீங்க போய்வந்தவர், சொல்லுங்க" என்று கேட்டார்கள். அதனால்தான் செயலாளர் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார். கோயில் பெருமையைப் பேச எனக்குத் தகுதி இல்லை. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பது உங்களுக்கே தெரியும். நான் கணக்கு பார்க்கிற ஆள், ஏற்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் உயரம். திருவண்ணாமலை மலை உச்சி 814 மீட்டர். நேபாளத்தில் பொக்காரா நகரமே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து சிறிய விமானத்தில் 20 நிமிடத்தில் ஜோம்சோம், சுமார் 2,700 மீட்டர். அதாவது ஊட்டி தொட்டபெட்டாவை விடக் கொஞ்சம் அதிகம். அங்கிருந்து ஜீப்பில் ஏறினால் முக்திநாத், 3,700 மீட்டருக்கு மேல். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

எங்களை அழைத்துப் போன ஏஜென்ட் காலையில் பொக்காரா, இரவில் முக்திநாத்தில் தங்கல் என்று ஒரே நாளில் திட்டம் போட்டிருந்தார். ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்று நாங்களும் தலையாட்டினோம். எங்களுடன் வந்தவர் என் மனைவியின் அண்ணன். தேசூரில் 40 வருடம் தறியில் உட்கார்ந்தவர், ஆரணிப் பட்டு நெய்தவர், திடகாத்திரமான ஆள். தாயாருக்குச் சாத்த என்று சின்னதாக ஒரு பட்டுப் பாவாடை தானே நெய்து கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் தலைவலி என்றார். சாப்பாடு வேண்டாம் என்றார். எட்டு மணிக்கு வாந்தி. எழுந்து நடந்தபோது கால் தள்ளாடியது.

"மாப்ளே, விடிஞ்சா தரிசனம். ஒரு ராத்திரிதானே, தாங்கிக்கிறேன்" என்றார். விடுதிக்காரர் அவரை ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்போதே கீழே இறக்குங்கள், விடியும் வரை வைக்காதீர்கள்" என்று இந்தியில் கண்டிப்பாகச் சொன்னார். மச்சானுக்கு என் மேல் அப்படி ஒரு கோபம். கேட்ட காசைக் கொடுத்து ஜீப் பிடித்து இருட்டில் ஜோம்சோம் இறங்கினோம். ஆயிரம் மீட்டர் இறங்கியதும் விடிவதற்குள் தலைவலி பாதியாகிவிட்டது. பாவாடையை என் மனைவி மட்டும் மறுநாள் மேலே போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். 108 தாரைகளிலும் மச்சான் நனையவில்லை.

அதனால் நான் சொல்கிற திட்டம் இது. பொக்காராவிலிருந்து சாலை வழியாகப் போங்கள். வழியில் தாதோபானியில் ஒரு இரவு, 1,200 மீட்டர்தான், வெந்நீர் ஊற்று இருக்கிறது. பிறகு மார்ஃபாவிலோ ஜோம்சோமிலோ இரண்டு இரவு. மூன்றாம் நாள் விடியலில் மேலே ஏறி, தரிசனம் முடித்து, அன்றே இறங்கி கீழேயே தூங்குங்கள். மேலே தங்கவே வேண்டாம். இறங்கி வர விமானம் என்றால் காலையில் மட்டும்தான். காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று கிளம்பிவிடும், விமானம் ரத்தாகும். ஆகவே சென்னைக்குத் திரும்பும் டிக்கெட்டுக்கு முன் இரண்டு நாள் உபரியாக வையுங்கள். மார்ச் முதல் மே, அல்லது அக்டோபர், நவம்பர் நல்லது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, சாலையில் மண் சரியும்.

கிளம்பும் முன் டாக்டரிடம் இரத்த அழுத்தம், இதயம், சர்க்கரை மூன்றையும் காட்டுங்கள். அசிட்டசோலமைட் மாத்திரை பற்றிக் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மேலே கூடாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை பணம் தருவார்கள், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது வவுச்சர் ஆகாது.

இந்தியருக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், 65 வயது தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும்தான் அதில் சலுகை. எங்கள் குழுவில் 62 வயதுக்காரர் ஒருவர் கடைசி நேரத்தில் வாக்காளர் அட்டைக்கு வீட்டுக்கு ஓடினார்.

பணம் என் துறை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் 100 ரூபாய் அங்கே 160. 1993 முதல் அதே விகிதம், பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் 2018 டிசம்பரில் நேபாள அரசு 100-க்கு மேற்பட்ட நம் நோட்டுகளைத் தடை செய்தது. நாங்கள் போனபோது என் 500 ரூபாய் நோட்டுகளை யாரும் தொடவில்லை. விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் கேட்டுக்கொண்டு போங்கள், 100 ரூபாய்க் கட்டு கையில் இருக்கட்டும்.

துணி விஷயத்தில் ஒன்று: பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் அந்தக் குளிரில் காயாது. மச்சான் உள்ளே பட்டுச் சட்டை போட்டிருந்தார், எங்களைச் சிரிக்க வைத்தார், ஆனால் குளிரில் நடுங்காமல் இருந்தவர் அவர்தான். 108 தாரையில் நனைகிறவர்கள் மாற்றுத் துணியைக் கையிலேயே வைத்திருங்கள்.

வரும் அக்டோபரில் மச்சான் மறுபடி போகிறார். இந்த முறை ஜீப்பில், ஜோம்சோமில் இரண்டு இரவு, இன்னொரு பாவாடை தறியில் இருக்கிறது. பத்து பேர் சேர்ந்தால் ஜீப் செலவு குறையும். வர நினைப்பவர்கள் இந்த மாத இறுதிக்குள் சங்க அலுவலக நோட்டில் பெயர் எழுதுங்கள். கூடவே பாஸ்போர்ட் காலாவதி தேதியையும்.