எஞ்சிய வழி



புற்றுநோய் கண்ட சலப்பையைச் சத்திரசிகிச்சையால் அகற்றிவிட்டால் நோய் வேரோடு ஒழிந்ததென்றே நாம் எண்ணுகிறோம். எப்பொழுதும் அவ்வாறன்று. சிறுநீரகத்தின் உட்குழிவு தொடங்கிச் சலப்பையைக் கடந்து சிறுநீர்வழியின் தொடக்கம்வரை ஒரேவகை மென்றோலே உள்ளே படர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் விளைந்த கேடு மற்றோரிடத்திலும் முளைக்கலாம். சலப்பை நீக்கப்பட்ட ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கு, எஞ்சிய சிறுநீர்வழியில் நோய் மீளுகின்றது. பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள். புரொஸ்தேற்றுச் சுரப்பியிலும் நோய் பரவியிருந்தோர்க்கு அபாயம் அதிகம்.

குடற்றுண்டொன்றினால் வயிற்றிலே புதுவழி அமைத்தபின் பழைய வழியாற் சிறுநீர் வருவதில்லை. ஆகவே அங்கு ஒருதுளி இரத்தம் கசியினும் உடனே வைத்தியருக்குச் சொல்லவேண்டும். ஆனால் நம்மவரோ அவ்விடத்தைப்பற்றி வாய்திறக்கக் கூசுகின்றனர். தகப்பனார் பெற்ற மகனிடமுஞ் சொல்லார். வேட்டியிற் கறை கண்டும் மறைத்துத் துவைப்பவர் உளர். இக்கூச்சம் சத்திரசிகிச்சைக் கத்தியினுங் கொடிதென்பது எங்கள் அபிப்பிராயம். நோய் மேற்றோலோடு நிற்கையிற் கண்டால், அவ்வழியை அகற்றிக் குணங்காண இடமுண்டு. ஆழ இறங்கிவிட்டால் அது அரிது.

இரத்தம் வருமுன்னரே அறிதற்கும் ஒரு முறையுண்டு. அவ்வழியை உப்புநீராற் கழுவி, அந்நீரிலுள்ள கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்குவர். சில நிமிடங்களில் கழுவி முடிந்துவிடும், நோவும் அதிகமில்லை.