பக்கத்து வயலில் விழுந்த பன்றி யாருக்குச் சொந்தம்?

(கம்பைநல்லூரில் விவசாயிகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டம் தொடங்கும் முன்னாடி ஒரு அண்ணன் தனியா வந்து கேட்டார். "எங்க கடலைக்காட்டுல காலையில ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடக்குதுன்னு வைங்க. ராத்திரி யாரோ அடிச்சது, ஓடிவந்து விழுந்திருக்கு. அடிச்சவங்க வந்து, நாங்க எடுத்துக்கிறோம், உங்களுக்கும் ஒரு பங்குன்னு சொன்னா என்ன பண்றது?" 'வைங்க'ன்னுதான் சொன்னார். நானும் மேல கேட்கல.

அது அடிச்சவருக்கும் சொந்தமில்லை, நிலத்துக்காரருக்கும் சொந்தமில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 39-ன்படி அது அரசு சொத்து. தானா செத்துக் கிடந்தாலும் அப்படித்தான். பட்டா நிலம் என்பதால் எதுவும் மாறாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம். அடிபட்ட மான் அடுத்தவர் நிலத்துக்குள் போனால் அவரிடம் அனுமதி கேட்டு எடுக்கலாம். இங்கே வேட்டையே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில், யானை என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு. பங்கு வாங்கினால் நீங்களும் வழக்கில் சேரலாம்.

பன்றித் தொல்லை எனக்குப் புரியாமல் இல்லை. அதற்கு 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டுமே. நாமே வைக்கும் மின்வேலிக்கு ஆள் தெரியாது. 2023 மார்ச்சில் நம்ம மாவட்டத்திலேயே, மாரண்டஹள்ளி பக்கம், சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் செத்தன. 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன.

சரி, உடல் கிடந்தால்? தொடாதீங்க, புதைக்காதீங்க. வெடிக்காத அவுட்டுக்காய் பக்கத்திலேயே கிடக்கலாம், பிள்ளைகளை விடாதீங்க. தள்ளி நின்று, செல்போனில் லொகேஷன் ஆன் பண்ணி ஒரு படம் எடுங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு இல்லை! வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்க. எண் தெரியலன்னா 112. உடல் உங்கள் கைக்கு வந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். உயிரோடு அடிபட்டுக் கிடந்தால் கிட்டவே போகாதீங்க. பயிர் அழிந்திருந்தால் அதையும் சரிசெய்யும் முன் படம் எடுத்து, வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்க.

அந்த அண்ணனுக்கு இன்னும் ஒன்று பாக்கி. "பக்கத்து நிலத்துக்காரங்கம்மா, நாளைக்கு மூஞ்சியில முழிக்கணுமே?" நீங்க சொல்ல வேண்டியது உடல் எங்கே கிடக்குதுன்னு. அடிச்சது யாருன்னு விசாரிக்கிறது அவங்க வேலை. பங்கு கேட்டு வர்றவங்ககிட்ட, "ஏற்கெனவே போன் பண்ணிட்டேன்"னு சொல்லிடுங்க அண்ணா.