பல் வலி நின்னுடுச்சா? அப்போதான் கவனிக்கணும்

கடப்பாக்கத்துல என் சித்தப்பா, சொத்தைப் பல்லுக்கு கிராம்பு வச்சே ஒரு வாரம் ஓட்டினார். வலி நின்னதும் நிம்மதியாயிட்டார். மூணே நாள், தாடை வீங்கி வாயைத் திறக்க முடியல. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் கீறி சீழ் எடுத்தாங்க.

அலர்ட் நின்னா பிரச்சினை தீர்ந்துச்சுன்னு எந்த இன்ஜினியரும் நம்ப மாட்டான். அலர்ட் அனுப்புற சர்வரே செத்திருக்கலாம். பல்லிலும் அதேதான்: நரம்பு செத்தாலும் வலி நிக்கும்.

இந்த மாதிரி சீழ்க்கட்டிகளில் அடிக்கடி சிக்குறது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் குழு. நம்ம வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கிற பாக்டீரியாதான். ஆய்வகத் தட்டில் வளர்த்தா சில சமயம் கேரமல் மிட்டாய் வாசம்கூட வரும்! ஆனா ரத்தத்துல கலந்தா கல்லீரல், நுரையீரல், மூளையில்கூட சீழ் கட்டும்.

பெனிசிலினுக்கு இது பெரும்பாலும் அடங்கிடும். ஆனா சீழ்க்கட்டிக்குள்ள ரத்த ஓட்டம் கிடையாது; மருந்து சரியா போய்ச் சேராது. அதனாலதான் கீறி வடிக்கிறாங்க.

தாடையோ கழுத்தோ வீங்குது, காய்ச்சல் அடிக்குது, எச்சில் முழுங்க முடியலன்னா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அப்பவே கிளம்புங்க.